கறுப்புக் காருக்கு முதல் பூச்சு

புளியமரத்தடியில் காரை நிறுத்தினேன். உச்சி வெயில். எஞ்சின் அடங்கியதும் தெருவில் ஒரு சத்தமும் இல்லை. கிணற்றடியில் நின்ற இரண்டு பெண்கள் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குள் போனார்கள்.

கறம்பக்குடி போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சிற்றூர். பெயர் வேண்டாம். அந்த வீட்டுப் பேரன் பேத்திகள் இதைப் படிக்கக்கூடும். தலைப்பிரசவம், இரண்டாம் நாளாக வலி, உடனே வரவேண்டும் என்று பெண்ணின் தகப்பனார் பக்கத்து ஊரிலிருந்து ஆள் அனுப்பியிருந்தார். பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

பெண்ணின் மாமியார் நிலைப்படியில் வழியை மறித்து நின்றாள்.

“இங்க யாரும் நோவுல இல்லம்மா. நீங்க கெளம்புங்க.”

உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. எனக்கும் கேட்டது, அவளுக்கும் கேட்டது.

“ஒரு தடவ பாத்துட்டு மட்டும் போயிடறேம்மா.”

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். “ஒங்க கால்ல வேணா விழுறேன். அந்தக் கார இங்கிட்டுருந்து எடுத்துட்டுப் போயிருங்க.”

கதவு சாத்தப்பட்டது. காருக்குள் போய் உட்கார்ந்தேன். கூப்பிடுவார்கள் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தேன். தகர மேற்கூரை தணலாய்க் காய்ந்தது. யாரும் கூப்பிடவில்லை.

மறுநாள் அந்தப் பெண் இறந்துபோனாள். குழந்தையும் இல்லை. செய்தி என்னை வந்து சேர மூன்று நாள் ஆயிற்று.

காரின் பூர்வீகம்

நான் பாளையங்கோட்டைக்காரி. திருமயம் பக்கத்து வணிகக் குடும்பம் ஒன்று புதுக்கோட்டையில் கட்டிய சின்னப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஒரே டாக்டராக வந்தவள். சமஸ்தானம் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. ஆனாலும் ஜனங்கள் திருச்சியை ஏதோ வேறு சீமை போலவே பேசிக்கொண்டிருந்த காலம் அது.

அந்தக் குடும்பத்தார் சென்னைக்குக் குடிபெயர்ந்தபோது ஊரில் நின்ற பழைய இங்கிலீஷ் காரை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்துவிட்டார்கள். நல்ல கறுப்பு. உருண்ட முட்டிகள் மாதிரி முன் விளக்குகள். உள்ளே ஏறினால் தோலும் கற்பூரமும் கலந்த ஒரு வாசனை. அதுவரை நான் வில்வண்டியில்தான் கிராமங்களுக்குப் போய்வந்தேன். கார் வந்ததும் இனி ஓர் உயிரும் போகாது என்று நினைத்தேன். அவ்வளவு சின்ன வயசு.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இல்லாவிட்டால் குடுமியான்மலை வரை சும்மா ஓட்டிப் போவேன். மலையேற அல்ல, கோயிலுக்கும் அல்ல. கண்ணாடிகளை ஏற்றிவிட்டால் உள்ளே உரக்கப் பேசலாம். அம்மா போன பிறகு என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. பம்பாயில் இருந்த அண்ணன் மாதம் ஒரு கடிதம் எழுதுவான், அதிலும் ‘அன்புள்ள தங்கைக்கு’ என்றுதான் இருக்கும். ஊருக்கு நான் டாக்டரம்மா. ஆகவே குடுமியான்மலைச் சாலையில் நானே என் பேரைச் சொல்லி, “என்ன, ராஜம், இன்னைக்கு என்ன செஞ்சே?” என்று கேட்டுக்கொள்வேன். பதிலும் சொல்வேன். எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது. அப்போது சிரிப்பாக இல்லை.

முதலில் ஒரு டிரைவர் இருந்தார். ஒரு நாள் சாவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். காரணம் கேட்டதற்குத் தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நானே ஓட்டிக்கொண்டேன்.

காரணத்தைக் கடைசியில் சொன்னவள் ஆஸ்பத்திரி ஆயா பாக்கியம். அந்தப் பெண் இறந்த செய்தி வந்த அன்று, துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

“கோவிச்சுக்கக் கூடாதும்மா. கறுப்புக் காரு தெருவுக்குள்ள வந்தா பாடைக்கு மூங்கி வெட்டலாம்னு ஊர்ல பேசிக்கிறாங்க. நீங்க கைய வச்சதெல்லாம் போயிருச்சாம்.”

எனக்குக் கோபம் வரவில்லை. கணக்குப் பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான். மூன்றாம் நாள், நான்காம் நாள், எல்லாம் கைமீறிய பிறகுதான் எனக்கு ஆள் வரும். நான் போய்ச் சேரும்போது சாவு எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருக்கும். சாவு வந்த வண்டி யார் கண்ணிலும் படுவதில்லை. என் வண்டி படுகிறது. அதனால் இன்னும் தாமதமாகக் கூப்பிடுகிறார்கள், அதனால் இன்னும் சாகிறார்கள். இதை எந்த வீட்டு வாசலில் நின்று விளக்குவது?

காரின் நிறத்தை மாற்றுவது என்று அன்று முடிவு செய்தேன்.

எது முதலில்?

திருச்சியில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்த்த அந்தோணிசாமி என்பவரை யாரோ சொல்லி அனுப்பினார்கள். நாற்பது வயதிருக்கும். மெலிந்த ஆள். ஒரு தகரப் பெட்டியும் கையால் அடிக்கும் பம்பும் கொண்டுவந்தார். காரை மூன்று முறை சுற்றிவந்தார். மட்கார்டைச் சுண்டிப் பார்த்தார். கதவோரம் நகத்தால் கீறி, கீறிய இடத்தைக் கண்ணுக்கு அருகே வைத்துப் பார்த்தார்.

“என்ன கலர்மா?”

“க்ரீம். நல்ல வெளிர் க்ரீம். பத்து நாள்ல முடியுமா?”

“கலரு கெடக்கட்டும்மா. மொதல்ல பிரைமர், அதான் அடிப்பூச்சு, எதுன்னு முடிவு பண்ணணும். அதுல தப்பு பண்ணிட்டா மேல தங்கத்தையே அடிச்சாலும் நிக்காது.”

இரண்டு டப்பாக்களைத் திறந்து காட்டினார். ஒன்று சாம்பல் நிறம். தின்னரில் கரைவது, அடித்த ஒரு மணியில் காய்ந்துவிடும். இன்னொன்று செங்காவி நிறம். ஆளிவிதை எண்ணெயில் குழைத்தது, தகரத்தைக் கவ்விப் பிடிக்கும், துருவை அண்ட விடாது. ஆனால் உள்வரை காய எட்டு நாளோ பத்து நாளோ ஆகும்.

“சாம்பலே அடிங்க,” என்றேன்.

“ஒங்க காருமேல இருக்குற கறுப்பு எண்ணெப் பெயிண்டுமா. வீட்டுலயே யாரோ பிரஷ்ஷால அடிச்சிருக்காங்க. அதுமேல தின்னர் பட்டா பொங்கும். சாம்பல்தான் வேணும்னா தகரம் தெரியுற வரைக்கும் சொரண்டணும்.”

“சுரண்ட எத்தனை நாள்?”

“ஆறு நாளு ஆகும்.”

பத்து நாளோடு இன்னும் ஆறு நாள் கார் இல்லாமல் நான் என்ன செய்வேன்? மேலாகத் தேய்த்துவிட்டு அடியுங்கள், பார்த்துக்கொள்ளலாம் என்றேன். ஆபரேஷன் மேஜையில் பேசும் குரல் எனக்கு அப்போது மற்ற இடங்களிலும் வந்துவிடும். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். “சரிம்மா” என்று பம்பை எடுத்தார்.

பால் ஏடு

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் பின்னால் கார் நின்ற கொட்டகைக்குப் போனேன். பானெட்டிலிருந்து கதவு வரை சாம்பல் பூச்சு சுருங்கிக் கிடந்தது. ஆறிய பாலை ஊதினால் ஏடு ஓரமாய்ச் சுருண்டு ஒதுங்குமே, அப்படி. விரல் வைத்தேன். சாம்பலும் அடியில் இருந்த கறுப்பும் சேர்ந்து பிசின் போலக் கையோடு வந்தன.

அந்தோணிசாமி பம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

“என் தப்புதான்,” என்றேன்.

“நானும் அடிச்சிருக்கக் கூடாதும்மா. டாக்டரு சொல்றப்ப எதுத்துப் பேச வாய் வரல.” தகரப் பெட்டியை மூடிவிட்டு, “ஒங்ககிட்ட வர்றவங்களும் இப்படித்தான் பேசாம நிப்பாங்க போல,” என்றார்.

அவர் குத்திக் காட்டவில்லை. தோன்றியதைச் சொன்னார். ஆனால் அது என்னை வெகுநாள் விடவில்லை. சாத்திய கதவுகளைப் பற்றி மட்டுமே எண்ணி வந்தவள், திறந்த வீடுகளில் நான் எந்தக் குரலில் பேசினேன் என்று அதற்குப் பிறகுதான் யோசிக்க ஆரம்பித்தேன்.

ஏழு நாள் சுரண்டினார். கொட்டகைத் தரையெல்லாம் கறுப்புச் செதிள். வெளியே வந்த தகரம் நான் நினைத்ததுபோல் பளபளப்பாக இல்லை. துரு திட்டுத் திட்டாய், பெரியம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. உப்புத்தாள் போட்டு, துணியால் துடைத்து, திரும்ப உப்புத்தாள் போட்டார். ஒடுக்கு விழுந்த இடங்களில் பட்டி பூசி நிரவினார்.

வெறும் தகரம் ஆனதும் மறுபடி கேட்டார். “இப்ப சாம்பலும் அடிக்கலாம்மா, பொங்காது. நாளைக்கே கலருக்குப் போயிரலாம். எதுன்னு சொல்லுங்க.”

இந்தத் தடவை நான் திருப்பிக் கேட்டேன். “இது ஒங்க காரா இருந்தா எத அடிப்பீங்க?”

“சாம்பல் ஷெட்டுல தூங்குற காருக்குமா. தண்ணிய உறிஞ்சும். ஒங்க காரு கண்மாக் கரையில போகுது, சேத்துல எறங்குது. நான்னா செங்காவிதான். ஆனா பத்து நாளு பொறுக்கணும்.”

“பொறுக்குறேன்.”

மூக்கு

அந்தோணிசாமிக்கு வாசனை தெரியாது. இருபது வருஷத் தின்னர் மூக்கைக் கொன்றுவிட்டது. செங்காவி அடித்த மறுநாள் காலை வார்டுக்குப் போகும் வழியில் என்னை நிறுத்தினார்.

“ஒரு ஒத்தாசைமா. எண்ணெ வாடை போச்சுன்னாதான் உள்ள காஞ்சதுன்னு அர்த்தம். பட்டறையில வேற ஆளுக மோந்து சொல்லுவாங்க. இங்க நீங்கதான் மோந்து பாக்கணும்.”

குனிந்து கதவருகே மூக்கை வைத்தேன். செக்கு வாசனையும் புளித்த மண் வாசனையும் கலந்து குப்பென்று ஏறியது.

“நெறைய இருக்கு.”

“சரிம்மா. நாளைக்கிப் பாப்போம்.”

அப்படியே தினமும் ஆயிற்று. ஆறரை மணிக்கு நான் வருவேன், அவர் காரை ஒட்டி நிற்பார். பானெட், கதவு, பின்பக்கம் என்று மூன்று இடம். இருக்கிறது, குறைந்திருக்கிறது, பின்பக்கம் இன்னும் இருக்கிறது. அவ்வளவுதான் பேச்சு. ஒரு நாள் அவருடைய மூக்கைச் சோதித்துப் பார்த்தேன். இனி வராது என்று தெரிந்தது, சொன்னேன். “தெரியும்மா. மழ வாசம்தான் போச்சேன்னு இருக்கும். மத்ததெல்லாம் பழகிருச்சு,” என்றார்.

அந்த நாட்களில் நான் அலாரம் அடிக்கும் முன்பே எழுந்துவிடுவதைக் கவனித்தேன். அந்த மனிதர்மேல் வேறு எண்ணம் ஒன்றும் இல்லை. வாசகர்கள் அவசரப்பட வேண்டாம். வலியில் இல்லாத ஒருவர் என் வரவுக்காகக் காலையில் காத்திருக்கிறார் என்பது மட்டும்தான். எனக்கு அது புதிதாக இருந்தது.

கண்டக்டர் வந்தார்

ஒன்பதாம் நாள் காலை முகர்ந்து பார்த்தேன். எண்ணெய் வாடை ஏறக்குறைய இல்லை. சூளையிலிருந்து எடுத்த ஓட்டின் வாசனை மாதிரி ஏதோ ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே காக்கிச் சட்டையோடு ஒருவர் கொட்டகை வாசலில் வந்து நின்றார். முத்தையா என்று பெயர், பஸ் கண்டக்டர், விடியற்காலை முதல் பஸ்ஸில் வந்து இறங்கியவர். கறம்பக்குடிப் பக்கத்து ஊர். தங்கைக்கு நடுராத்திரியில் வலி கண்டிருக்கிறது. குழந்தையின் கால் முதலில் தெரிகிறது என்று மருத்துவச்சி பயப்படுகிறாள்.

நடுராத்திரி வலிக்கு விடிந்ததுமே வந்திருக்கிறார்கள்! பையை எடுக்கத் திரும்பினேன்.

“டாக்டரம்மா,” என்று தயங்கினார். “நீங்க வரணும். ஆனா அந்தக் காரு வேணாம்மா. எங்க ஆத்தா கதவத் தெறக்க மாட்டாக. நீங்க வர்றதே அவுகளுக்குத் தெரியாது. பஸ்ல கூட்டிட்டுப் போறேன்.”

“பஸ் எப்போ?”

“பதினோரு மணிக்குமா.”

கால் தெரிந்த குழந்தை பதினோரு மணி வரை காத்திருக்காது. நான் கொட்டகைக்குள் கைகாட்டினேன். முத்தையா எட்டிப் பார்த்தார். உள்ளே மங்கிய செங்காவி நிறத்தில், பளபளப்பே இல்லாமல், விளக்குகளைக் கழற்றிய குழிகளோடு ஒரு வண்டி நின்றது.

“இது எந்தக் காரு?”

அந்தோணிசாமி என்னைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். வடகிழக்கில் கருக்கியிருந்தது. “பிரைமர் மட்டும் அடிச்ச வண்டிய வெளிய எடுக்கக் கூடாதும்மா,” என்றார். பிறகு அவரே போய்க் கொட்டகைக் கதவை அகலத் திறந்தார். “மழ வந்தாலும் நிக்காம போங்க. இது தாங்கும். சாம்பலா இருந்தா விட்டுருக்க மாட்டேன்.”

திருவரங்குளம் தாண்டும்போதே மழை பிடித்துக்கொண்டது. வைப்பரும் கழற்றப்பட்டிருந்தது. முத்தையா பக்கத்துச் சன்னலில் தலையை நீட்டி வழி சொல்லிக்கொண்டே வந்தார். உழவு நடந்த வயலில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் ஓடவில்லை. ஒருவர் கையைக்கூடத் தூக்கினார்.

வீட்டு வாசலில் முத்தையாவின் தாயார் நின்றாள். நான் இறங்குவதற்குள் அவர் முந்திக்கொண்டு சொன்னார்.

“ஆத்தா, புது டாக்டரம்மா வந்துருக்காங்க.”

அவள் காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நனைந்த என் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தாள். “வாங்கம்மா, வாங்க. எம்மவ உள்ள கெடக்கா.”

இரண்டு மணி நேரம்

பெண்ணின் பெயர் அலமேலு. பயந்திருந்தாளே தவிர சோர்ந்துவிடவில்லை. நேரத்துக்குக் கூப்பிட்டால் ஒரு பிரசவம் எப்படி இருக்கும் என்பதை நான் அநேகமாக மறந்தே போயிருந்தேன். குரலைத் தணித்துக்கொண்டேன். செய்யப் போவதை ஒவ்வொன்றாய்ச் சொல்லிவிட்டுச் செய்தேன். “இப்போ முக்காதே, ஆத்தா. நான் சொல்லும்போது முக்கு.” கால்கள் வந்தன, இடுப்பு வந்தது, கைகளை விடுவித்தேன். தலைக்குத்தான் பயந்தேன். தலையும் வந்தது. பெண் குழந்தை. நீலம் பாரித்து அரை நிமிஷம் அழாமல் கிடந்தது. அந்த அரை நிமிஷத்தில் எனக்கு மழைச் சத்தம்கூடக் கேட்கவில்லை. பிறகு தும்மியது, அழுதது. மருத்துவச்சி சுவரில் சாய்ந்து சிரித்தாள்.

பின்னால் நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காரின் கூரை ஓரத்தில் இரண்டு இடத்தில் மட்டும் பூச்சு உப்பியிருந்தது. அந்தோணிசாமி அதைத் தேய்த்துச் சரிசெய்து, அடுத்த வாரம் க்ரீம் அடித்து முடித்து, தகரப் பெட்டியோடு திருச்சி பஸ் ஏறினார். அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. சில நாள் ஆறரை மணிக்குக் காரணமில்லாமல் கொட்டகை வரை போய்விட்டுத் திரும்பினேன். வலி கண்ட முதல் நாளே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். கறுப்புக் கார் டாக்டரும் இந்தப் புது டாக்டரும் ஒருத்திதான் என்பது ஒரு வருஷத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரும் என்னிடம் கேட்கவில்லை. எல்லோரையும் காப்பாற்றினேன் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மறுபடி எந்தப் புளியமரத்தடியிலும் காத்திருக்க நேரவில்லை.

நான் சொல்ல வந்தது அலமேலு வீட்டில் அன்று மத்தியானம் நடந்ததை.

கை கழுவி, பையைக் கட்டிக்கொண்டிருந்தேன். அலமேலுவின் தாயார் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“முன்ன ஒரு டாக்டரம்மா இருந்தாகளே, கறுப்புக் காருல வருவாக. அவுக போயிட்டாகளாம்மா?”

முத்தையா கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போயிட்டாங்க,” என்றேன்.

“எங்கிட்டுப் போனாக?”

“தெரியலம்மா.”

“பாவம் அந்தம்மா.” அவள் குரல் இறங்கியது. “ரெண்டு மூணு வருசம் இருக்கும், எங்க சின்னாத்தா மக பிரசவத்துல செத்தப்ப நான் அங்கதான் இருந்தேன். மொகம் சரியா நெனவில்ல. எல்லாம் முடிஞ்சு வெளிய வந்து, காருக்குள்ள ஒக்காந்து, கண்ணாடிய ஏத்திவிட்டுட்டு அழுதாக. கொமரிப்புள்ள மாதிரி ஏங்கி ஏங்கி அழுதாக. நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் நின்னோம். ஒருத்தரும் கிட்ட போகல. ஒரு வாய்த் தண்ணி வேணுமான்னு கேக்கல. சாவு வீட்டுல யாரு யாரக் கேக்குறது?”

அன்று என்னை யாரும் பார்க்கவில்லை என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

நான்தான் அது என்று சொல்ல வாய் திறந்தேன். உள்ளே பிள்ளை சிணுங்கியது. அலமேலு ஏதோ சொல்லித் தேற்றிக்கொண்டிருந்தாள். சொல்லாமலே பையை இழுத்துக் கட்டினேன்.

“நீங்க அப்படிப் போகக் கூடாது,” என்று அவள் எழுந்தாள். “சாப்புட்டுத்தான் போகணும். கருவாட்டுக் கொழம்புதான் இருக்கு. சாப்புடுவீங்களா?”

இந்தச் சீமைக்கு வந்து ஏழு வருஷத்தில் எத்தனையோ வீடுகளுக்குள் போயிருக்கிறேன். ஒரு வீட்டிலும் எனக்கு இலை போட்டதில்லை. போடும்படியான நாளில் நான் போனதில்லை.

மழைத் தண்ணீர் தெளித்து வாழையிலை விரித்தாள். சோறு ஆவி பறந்தது. குழம்பில் கத்தரிக்காயும் மாங்காயும் கிடந்தன. பக்கத்திலேயே உட்கார்ந்து, நான் ஒவ்வொரு கவளமும் விழுங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போதுமா?”

“இன்னுங் கொஞ்சம் போடுங்க,” என்றேன்.